மகளுக்கு, பெட்டியில் வரும் இசைத்தட்டுகள் குறித்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அறிய ஆவலாக இருக்கிறோம். நீ ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாய் என்று தம்பி சொன்னான். அவனிடம் சொல்லக்கூடியதை எங்களிடமும் சொல்லியிருக்கலாம் என்று அம்மா வருந்தினாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன், ஆனாலும் அவள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நியூகாசிலில் குளிர் இங்கேயுள்ளதைவிடக் கடுமையாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தைத் தொடர்ந்து ஒரு பெட்டி வரும். அதில் என்னுடைய இசைத்தட்டுகள் சில இருக்கின்றன. மேல் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பவற்றைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தும், நீ சிறு பிள்ளையாக இருந்தபோது உறையோடு உருவி எடுத்து நிலத்தில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே தட்டுகள்தான். எல்லாவற்றையும் அனுப்பவில்லை. 1980ஐ ஒட்டிய மூன்று நான்கு ஆண்டுகளில் இங்கே பிரிட்டனில் வெளிவந்த, கனமான கிட்டார் ஓசை கொண்ட ராக் இசையான ஹெவி மெட்டல் ஆல்பங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறேன். எதை ஏன் எடுத்தேன் என்று எழுதாமல் அனுப்பினால் அவை உனக்கு இடத்தை அடைக்கும் பழைய பொருள்களாகிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் படிப்புக்காக லண்டனில் வந்து இறங்கியது 1979ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். அந்த ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, கேம்டனில் மியூசிக் மெஷின் என்ற அரங்கில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் ஆகிய மூன்று குழுக்களும் ஒரே இரவில் வாசித்ததைப் பற்றி ஜெஃப் பார்ட்டன் ‘சவுண்ட்ஸ்’ வார இதழில் எழுதினார். ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்ற பெயர் அந்தக் கட்டுரையோடுதான் புழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கியவர் இதழாசிரியர் அலன் லூயிஸ். பெயர் வரும் முன்பே இசை இருந்தது. பங்க் இசைக்காரர்கள் பெரிய கம்பெனிகளை எதிர்பாராமல் சொந்தப் பணத்தில் தட்டு வெளியிடலாம் என்று காட்டியிருந்தார்கள். ஷெஃபீல்டு, பார்ன்ஸ்லி, நியூகாசில் போன்ற தொழில் நகரங்களின் இளைஞர்கள் அந்தத் துணிவையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிளாக் சபாத், ஜூடாஸ் பிரீஸ்ட் ஆகிய மூத்த குழுக்களிடம் கற்ற கனத்தையும், இரண்டு கிட்டார்கள் சேர்ந்து ஒரே மெட்டை வெவ்வேறு சுரத்தில் வாசிக்கும் பழக்கத்தையும் கைவிடவில்லை. கிங்ஸ்பரியில் பேண்ட்வேகன் என்ற இடத்தில் நீல் கே என்பவர் தட்டுகளை ஒலிக்கவிடுவார். அட்டையிலும் பலகையிலும் கிட்டார் வெட்டிக்கொண்டு வந்து அதை வாசிப்பதுபோல ஆடியவர்கள் அங்கே இருந்தார்கள். கூட்டம் விரும்பிக் கேட்ட பாட்டுகளின் பட்டியல் ‘சவுண்ட்ஸ்’ இதழில் அச்சாகும். எந்தக் கம்பெனியும் ஒப்பந்தம் செய்யாத அயர்ன் மெய்டனின் மாதிரிப் பதிவு அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போனது இப்படித்தான்.

பெட்டியில் முதலில் இருப்பது சாக்ஸன் குழுவின் ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்த பணத்தில் நான் வாங்கியது. உறையின் மூலை அப்போதே மடிந்துவிட்டது. பார்ன்ஸ்லிக்காரர்களான இவர்களுடைய முதல் ஆல்பம் 1979இல் வெளிவந்து கவனிப்பாரின்றிப் போனது. அடுத்த ஆண்டே இதைக் கொண்டுவந்தார்கள். இது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்துக்கு ஏறியது. ஒரு தோல்விக்குப் பிறகு இவர்கள் எதையும் நுணுக்கமாக்கிக்கொள்ளவில்லை, இன்னும் நேரடியாக வாசித்தார்கள் என்பதே இதில் எனக்குப் பிடித்த செய்தி. இதிலுள்ள ‘747’ என்ற பாட்டு, 1965இல் அமெரிக்காவின் வடகிழக்கு முழுவதும் மின்சாரம் நின்றபோது நியூயார்க்கின் மேலே இறங்க வழியின்றிச் சுற்றிக்கொண்டிருந்த விமானங்களைப் பற்றியது. அந்த ஆண்டில் 747 விமானம் பறக்கத் தொடங்கியிருக்கவில்லை என்பதை நீ பன்னிரண்டு வயதில் எனக்குச் சுட்டிக்காட்டினாய். அன்று நான் பெருமைப்பட்டதை உன்னிடம் சொன்னதில்லை. மேலே விளக்கு தெரியாமல் சுற்றுகிறவர்களைப் பற்றித்தான் பாட்டு பேசுகிறது. கீழே இருட்டில் காத்திருப்பவர்களைப் பற்றியும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

டெஃப் லெப்பர்ட் குழுவின் ‘ஆன் த்ரூ த நைட்’ ஆல்பத்தை வைப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். 1980 மார்ச்சில் வெளிவந்தது. நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் தயாரிப்பு வழவழப்பாக இருக்கிறது, அடுத்த ஆண்டு வந்த ‘ஹை என் டிரை’ இதைவிட உறுதியானது. ஆனாலும் இதை வைத்ததற்குக் காரணம், அந்தக் குழு தொடங்கிய விதம். 1978இன் இறுதியில் ஹல் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் அவர்கள் தங்கள் முதல் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்வதற்கான பணத்தைப் பாடகர் ஜோ எலியட்டின் தந்தை கடனாகக் கொடுத்தார். டிரம்ஸ் வாசிப்பவர் தேவை என்று பத்திரிகையில் வந்த விளம்பரத்துக்கு, ரிக் ஆலனுக்காக அவருடைய தாயாரே பதில் போட்டார். குழுவில் சேர்ந்தபோது பையனுக்குப் பதினைந்து வயது. 1984ஆம் ஆண்டின் கடைசி நாளில் கார் விபத்தில் இடது கையை இழந்த பிறகும் அவர் அதே குழுவில் அதே இருக்கையில் உட்கார்ந்து, கால்களால் இயக்கும் மின்னணு மிதிகளின் துணையோடு இன்றுவரை வாசிக்கிறார். விளம்பரத்துக்குப் பதில் எழுதிய அந்தத் தாய் பின்னாளில் மருத்துவமனையில் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். உன் முதல் ஆம்ப்ளிஃபையருக்கு நான் கொடுத்த பணத்தை நீ மாதாமாதம் திருப்பித் தந்தாய். அதை நான் கேட்கவில்லை. நீ தருவதை நிறுத்தவும் இல்லை. அப்படி எதிலும் எங்களுக்குக் கடன்படாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் உனக்கு அப்பம்மாவிடமிருந்து வந்தது.

அடுத்து டைமண்ட் ஹெட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். ‘லைட்னிங் டு த நேஷன்ஸ்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்த ஆல்பம் 1980இல் முதலில் வந்தபோது உறையில் ஒரு சொல்கூட இல்லை, பாட்டுகளின் பெயரும் இல்லை. வெறும் வெள்ளை உறையில் குழுவினரில் ஒருவரின் கையெழுத்து மட்டும் இருந்தது. ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுக் கச்சேரிகளிலும் தபால் மூலமும் விற்றார்கள். நான் உனக்கு அனுப்புவது பின்னால் வந்த மறுபதிப்பு. அந்த வெள்ளை உறையை வாங்கும் வசதி எனக்கு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஸ்டவர்பிரிட்ஜ் என்ற சிறிய ஊரில் ஒரே பள்ளியில் படித்த பிரையன் டாட்லரும் டங்கன் ஸ்காட்டும் தொடங்கிய குழு இது. கையில் டிரம்ஸ் இல்லாததால் டங்கன் முதலில் பிஸ்கட் டின்களின் மேல் தட்டிப் பழகினார். வூஸ்டரில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பதிவு செய்த ஏழு பாட்டுகள்தான் இந்த ஆல்பம். அவற்றில் ‘ஆம் ஐ ஈவில்’ பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேள். இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ இசையை நினைவூட்டும் அந்தக் கனமான தொடக்கம் முடிந்ததும், டாட்லர் கிட்டாரில் தனியாக ஓர் ஓட்டத்தை வாசித்து, திரும்பத் திரும்ப வரும் மெட்டான ரிஃபுக்குள் இறங்குகிறார். எத்தனையோ குழுக்கள் ஓர் ஆல்பம் முழுக்கப் பயன்படுத்தக்கூடிய ரிஃபுகளை ஒரே பாட்டில் வாரி இறைக்கும் துணிவு அந்த வயதில்தான் வரும்.

இந்தக் குழுவை நிர்வகித்தது பாடகர் ஷான் ஹாரிஸின் தாயார் லிண்டாவும் ரெஜ் ஃபெலோஸ் என்ற உள்ளூர்த் தொழிலதிபரும். இசையுலக அனுபவமில்லாத அவர்களால்தான் குழு பெரிய இடத்துக்குப் போகவில்லை என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு முழுமையாகச் சரியென்று தோன்றவில்லை. பெரிய கம்பெனிகள் கதவைத் திறக்காதபோது இந்தத் தட்டு அச்சில் ஏறியதே அவர்கள் நின்றதால்தான். தன் மகனின் பாட்டை ஊர் கேட்க வேண்டும் என்று ஒரு தாய் வரவு செலவு பார்த்து, தொலைபேசியில் பேசி, கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்து நின்றார் என்பதை ஒரு குறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. குழு பிறகு எம்சிஏ கம்பெனியில் சேர்ந்து 1982இல் ‘பாரோட் டைம்’, 1983இல் ‘கேன்டர்பரி’ என இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டு, 1985இல் கலைந்தது. ஆனால் 1981 கோடையில் அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்து இவர்களுடைய கச்சேரியைப் பார்த்து, டாட்லர் வீட்டிலேயே சில நாள் தங்கிய லார்ஸ் உல்ரிக் என்ற பதின்வயதுப் பையன், ஊர் திரும்பியதும் மெட்டாலிகாவைத் தொடங்கினான். ‘ஆம் ஐ ஈவில்’ பாட்டை 1984இல் மெட்டாலிகா பதிவு செய்தது. தொடர்ந்து ‘ஹெல்ப்லெஸ்’ போன்ற பாட்டுகளையும் எடுத்துக்கொண்டது. தோற்றுவிட்டதாகக் கணக்கு முடித்த குழுவின் பாட்டுகளை இப்படி உலகமே கேட்டது. டாட்லர் வாசிப்பதை விடவே இல்லை. 2023இல் சாக்ஸனின் கிட்டார்காரர் பால் குவின் சுற்றுப்பயணங்களிலிருந்து ஒதுங்கியபோது, அந்த இடத்தில் நின்று வாசிக்க அவர்கள் அழைத்தது இவரைத்தான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்று அம்மா இந்த இடத்தில் எழுதச் சொல்கிறாள். பெரியம்மா உன்னை விசாரித்தார். உன் கச்சேரிகள் எப்படிப் போகின்றன என்றுதான் கேட்டார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. நான் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், நன்றாகப் போகின்றன என்று சொல்லிவிட்டேன்.

‘டெமாலிஷன்’, ‘ஹிட் அண்ட் ரன்’ இரண்டும் உனக்குப் புதியவை அல்ல. தெற்கு லண்டன் வான்ட்ஸ்வொர்த்தில் பள்ளித் தோழிகளாக இருந்த கிம் மெக்காலிஃபும் ஈனிட் வில்லியம்ஸும் தொடங்கிய கேர்ள்ஸ்கூல் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள் அவை. 1980இலும் 1981இலும் வந்தவை. அவர்களுடைய முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டுத் தட்டைக் கேட்ட மோட்டர்ஹெட் குழுவின் பாடகர் லெம்மி, 1979இல் தன் சுற்றுப்பயணத்துக்கு அவர்களை அழைத்துக்கொண்டார். இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர் விக் மெயில். மோட்டர்ஹெட்டின் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. ‘டெமாலிஷன்’ ஆல்பத்தில் எந்தக் கருவியும் மற்றொன்றை மறைக்கவில்லை, நான்கு பேரும் ஒரே அறையில் நின்று வாசிப்பது தெளிவாகக் கேட்கிறது. கிட்டார் வாசித்த கெல்லி ஜான்சனின் தனி வாசிப்புகளில் வீண் சுரம் ஒன்றுகூட இல்லை. பெண்கள் என்பதற்காகச் சலுகையோடு கேட்டவர்களும், பெண்கள் என்பதற்காகவே கேட்க மறுத்தவர்களும் அன்று நிறைய இருந்தார்கள். ‘ஹிட் அண்ட் ரன்’ 5ஆம் இடத்தைப் பிடித்தது. பதினான்கு வயதில் நீ ‘எமர்ஜென்சி’ பாட்டின் ரிஃபை மேல் அறையில் ஒரு விடுமுறை முழுக்க வாசித்தாய். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியபோது அம்மாதான் போய் உனக்காகப் பேசினாள். பிறகு ஒரு பப் மேடையில், கைகட்டி நின்ற ஆண்களுக்கு முன்னால், நீ அதே பாட்டை வாசித்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். அவ்வளவு திருத்தமாக வாசித்தாய். பக்கத்தில் நின்ற அந்நியரிடம், அது என் மகள் என்று நானாகவே சொன்னேன்.

ஈனிட் வில்லியம்ஸ் 1982இல் குழுவை விட்டுப் போனார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவுக்குத் திரும்பி வந்தார். கெல்லி ஜான்சனும் விலகினார். நீண்ட நாள் நோயுற்றிருந்து 2007இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்துவிட்டார். கிம்மும் டிரம்ஸ் வாசித்த டெனிஸ் டுஃபோர்ட்டும் மட்டும் மற்றவர்கள் வந்து போனபோதும் நின்று நடத்தினார்கள். போனவர்களைப் பற்றி யாரும் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு குழுவிலிருந்து ஒருவர் விலகுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. போன விடுமுறைக்கு நீ வந்துபோனபோது உன் கிட்டாரை இங்கே விட்டுச் சென்றிருக்கிறாய். நீ பொருள்களை மறந்து போகிறவள் அல்ல. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஈரம் படாமல் இருக்க, ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்சுவர்ப் பக்கமாக வைத்திருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

நீ இருக்கும் ஊரின் தட்டுகளையும் திருப்பி அந்த ஊருக்கே அனுப்புகிறேன். மெட்ரோவில் ஏறினால் வால்சென்ட் உனக்குப் பக்கம்தான். இம்பல்ஸ் ஸ்டூடியோவும் நீட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியும் அங்கேதான் இருந்தன. டைகர்ஸ் ஆஃப் பான் டாங் குழுவின் முதல் சிங்கிள், வெனமின் ‘வெல்கம் டு ஹெல்’, ரேவனின் ‘ராக் அன்டில் யூ டிராப்’ எல்லாம் அந்தச் சிறிய கம்பெனி வெளியிட்டவை. வெனமின் கான்ராட் லான்ட் அந்த ஸ்டூடியோவில் உதவியாளராக வேலை செய்துகொண்டே தன் குழுவுக்குப் பதிவு நேரம் பெற்றார். 1982இல் வந்த ‘பிளாக் மெட்டல்’ ஆல்பத்தின் தலைப்பு பின்னாளில் ஒரு தனி இசைவகைக்கே பெயராயிற்று. பதிவு கரடுமுரடானது, வாசிப்பில் தாளம் அங்கங்கே தடுமாறும். அதில் இருக்கும் வெறிக்காக மட்டுமே நான் அதை மதிக்கிறேன், அம்மா அறையில் இருக்கும்போது ஒலிக்கவிட்டதில்லை. ரேவன் வேறு. ஜான், மார்க் கேலகர் சகோதரர்கள் இருவரும் டிரம்ஸ் வாசித்த ராப் ஹன்டரும் மூன்று பேராக எழுப்பும் ஓசையைக் கேட்டால் ஐந்து பேர் என்று நினைப்பாய். 1983இல் அமெரிக்காவில் அவர்களுக்கு முன்னால் வாசித்து வந்த குழு மெட்டாலிகா. 2001இல் ஒரு சுவர் இடிந்து விழுந்து மார்க்கின் கால்கள் நசுங்கின. சில ஆண்டுகள் கழித்துச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் மேடைக்குத் திரும்பினார், அதன் பிறகு எழுந்தும் நின்றார். அத்தனை காலமும் தன் சகோதரர் இல்லாமல் வேறொரு கிட்டார்காரரைப் பிடிக்க ஜான் முயலவில்லை. உன் தம்பியோடு நீ பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஆறுதல்தான். அவன் உன்னைப் பற்றி எங்களிடம் எதையும் சொல்லிவிடவில்லை, நீ அவனைச் சந்தேகப்படாதே.

ஏஞ்சல் விட்ச் குழுவின் 1980 ஆல்பத்தை உறைக்காகவே பத்திரமாக வைத்துக்கொள். அந்த ஓவியம் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் குழுவின் கெவின் ஹேபோர்ன் அதற்குப் பிறகு எழுதியவை பலருக்குத் தெரியாது, ஆனால் இந்த ஒரு தட்டின் இருண்ட இனிமை வேறு எவரிடமும் இல்லை.

காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள். கச்சேரி பார்க்கப் போனாலும் போட்டுக்கொள். ஒருமுறை போன கேட்கும் திறன் திரும்பாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அயர்ன் மெய்டனின் முதல் ஆல்பத்தை மட்டும் நான் அனுப்பவில்லை. நீ பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் தேடுவாய் என்று தெரியும். ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ முதலிடத்துக்குப் போன பெரிய ஆல்பம், ‘கில்லர்ஸ்’ ஒலியில் சிறந்தது, இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் 1980 ஏப்ரலில் வந்த அந்த முதல் தட்டில் நம் தெருக்களின் புழுதி இருக்கிறது. லேட்டன்ஸ்டோன்காரரான ஸ்டீவ் ஹாரிஸ் வரைபடக் கலைஞராகவும் தெரு கூட்டுபவராகவும் வேலை செய்து நடத்திய குழு அது. நாம் மளிகைக்குப் போகும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இருந்த ரஸ்கின் ஆர்ம்ஸ் பப்பில் அவர்கள் வாசித்து வளர்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்த கிளைவ் பர் நம் ஈஸ்ட் ஹாமிலேயே பிறந்தவர். ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ பாட்டின் ஏழு நிமிடங்களில் வேகம் எத்தனை முறை மாறுகிறது, எங்கேயும் அவர் தடுமாறவில்லை என்பதைக் கவனி. பாடகர் பால் டியானோவின் குரலில் பயிற்சி குறைவு, உண்மை அதிகம்; பின்னால் வந்த புரூஸ் டிக்கின்சன் பெரிய பாடகர் என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், இந்தப் பாட்டுகளுக்கு டியானோதான் பொருத்தம். கிளைவ் பர் 1982இல் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. சுற்றுப்பயணத்தின் நடுவில் தந்தை இறந்த செய்தி வந்து தான் ஊர் திரும்பியதைப் பற்றி அவர் பிறகு பேட்டியில் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அவர் நரம்பு நோயில் விழுந்தபோது அதே குழு அவருக்காகக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டியது. 2013இல் அவர் இறந்தார். பிரிந்த விதம் எப்படியிருந்தாலும் அவர்கள் அவருக்காக வந்து நின்றார்கள்.

அந்தத் தட்டு வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. அனுப்பியவற்றைக் கேட்கும் முன் ஊசியைச் சுத்தம் செய், தட்டுகளைச் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்தி வை. கிட்டாரை அனுப்ப வேண்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்பதை மட்டும் ஒரு வரியில் எழுது. எதை எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம். காரணம் எழுத வேண்டாம். எழுதத் தோன்றினால் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா